கள்ளக் கேசட்டின் வரலாறு: ஒரு வேளாங்கண்ணிக் குறிப்பு

1

"இதெல்லாம் எழுதற விஷயமா?" என்று நண்பர் ஒருவர் கேட்டார். கீழ்வெண்மணிப் பக்கத்துக்காரர், விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் பல வருஷம் இருந்தவர். தண்ணி இல்லை, கூலி இல்லை, கடலோர நிலமெல்லாம் உப்பேறிக் கிடக்கிறது, இதில் வீடியோ கேம் கேசட்டுக்கு ஒரு கட்டுரையா என்பது அவருடைய கோபம். நியாயமான கோபம்தான். ஆனால் உழைக்கும் மக்களின் வரலாறு என்று நாம் பேசும்போது அவர்களது கூலியையும் போராட்டத்தையும் எழுதுகிறோம். அவர்கள் வீட்டுப் பிள்ளைகள் எதை வைத்து விளையாடினார்கள் என்பதை எழுதுவதில்லை. விளையாட்டை யாரோ எழுதிவிடுகிறார்கள். அப்படி எழுதப்பட்ட வரலாற்றில் நாம் இல்லை. இதைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

நான் வேளாங்கண்ணியில் வளர்ந்தவன். ஆகஸ்டு 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை ஊர் ஊராக இருக்காது. காவி உடுத்தி நடந்து வருகிறவர்கள், மெழுகுவர்த்தி, தென்னங்கன்று, சங்கு சிப்பிக் கடைகள், பலூன் சுடுகிற கடைகள். அந்தக் கடை வரிசையில்தான் 90களின் நடுவில் எங்களுக்கு 'டிவி கேம்' வந்து சேர்ந்தது. மஞ்சள், கறுப்பு நிறங்களில் பிளாஸ்டிக் கேசட்டுகள். மேலே ஒட்டிய படத்துக்கும் உள்ளே இருக்கும் ஆட்டத்துக்கும் சம்பந்தம் இருக்காது. 'ஒன்றில் 9999999 ஆட்டம்' என்று எண் மட்டும் பெரிதாக இருக்கும்.

பெட்டி வாங்க எங்களிடம் காசில்லை. கோயிலிலிருந்து கடற்கரைக்குப் போகிற ரோட்டுக்குப் பின்சந்தில் அண்ணன் ஒருவர் ஒரு ரூம் வைத்திருந்தார். இரண்டு டிவி, இரண்டு பெட்டி, மணிக்கணக்கில் வாடகை. தோல்பை தைக்கிறவர் பிள்ளையும் வலைக்காரர் பிள்ளையும் லாட்ஜ் முதலாளி பிள்ளையும் ஒரே பாயில் உட்கார்ந்த இடம் அந்த ஊரில் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். காசு தீர்ந்ததும் எழுந்துவிட வேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை.

2004 டிசம்பர் 26 காலை அந்தச் சந்துக்குள்ளும் கடல் வந்தது. நாகை மாவட்டத்தில் மட்டும் 6000க்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். அந்தச் சாவுகளுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டியைப் பற்றி எழுதக் கூச்சமாக இருக்கிறது. ஆனால் சேறு அள்ளும்போது அண்ணன் அந்தப் பெட்டியைத் தூக்கிப் போடவில்லை. பதினோரு கேசட். உப்பு பூத்து, செப்பு முனைகள் பச்சைப் பிடித்து, பரணில் கிடந்தது. சில வருஷங்களுக்கு முன் அதை என் கையில் கொடுத்து, "எதாச்சும் பண்ண முடியுமா பாரு தம்பி" என்றார். ஃப்ளாஷ் கேசட் என்ற பொருளை நான் தேட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

2

முதலில் அந்தப் பெட்டி என்ன என்று பார்த்துவிடலாம். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் ஃபேமிகாம் என்ற கருவியை வெளியிட்டது. 1985இல் அதுவே உருமாறி அமெரிக்காவுக்குப் போனது. தைவானின் யூஎம்சி போன்ற நிறுவனங்கள் அதன் சிப்புகளுக்கு ஒத்த சிப்புகளைச் செய்தன. அவற்றை வைத்து ஊர் ஊராகப் பெட்டிகள் கிளம்பின. ரஷ்யாவில் 1992இல் 'டெண்டி', போலந்தில் 'பெகாசஸ்', சீனாவில் விசைப்பலகையோடு 'சுபோர்'. இந்தியாவில் 'சாமுராய்', 'லிட்டில் மாஸ்டர்'. பிறகு எங்கும் 'டெர்மினேட்டர்'. உலகத்தின் பெரும் பகுதிக்கு ஃபேமிகாம் என்பது போலி ஃபேமிகாம்தான். அசலை நாங்கள் கண்ணால் பார்த்ததில்லை. பார்க்காத ஒன்றின் போலி என்று எதைச் சொல்வது?

கேசட்டுக்குள் இருப்பது ஒரு சிறு பலகை. அசலில் சிப்புகள் கால்களோடு உட்கார்ந்திருக்கும். நம்முடையதில் கறுப்புப் பொட்டு ஒன்று ஒட்டியிருக்கும். ஆட்டம் அதற்குள் தொழிற்சாலையிலேயே பதிந்துவிட்டது, அழிக்கவோ மாற்றவோ முடியாது. 1985இன் சூப்பர் மரியோ முழுவதும் 40 கிலோபைட். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு படம்கூட அதைவிடப் பல மடங்கு பெரிது. கருவி நேரடியாகப் பார்க்கக்கூடிய இடம் ஏறக்குறைய அவ்வளவுதான். அதைவிடப் பெரிய ஆட்டமென்றால் கேசட்டுக்குள் இன்னொரு சுற்று வேண்டும். ஒரு பக்கத்தை மூடி அடுத்த பக்கத்தைத் திறந்து காட்டுகிற வேலை அதற்கு. 'மேப்பர்' என்பார்கள். இந்த மேப்பர் பின்னால் நமக்கு முக்கியமாகும்.

இரண்டு விஷயத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, எங்கள் கேசட்டுகளில் சேமிப்பு கிடையாது. அசலில் சில கேசட்டுகளுக்குள் சிறு பேட்டரி இருக்கும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நமக்கு வந்தவற்றில் அந்தச் செலவு மிச்சம் பிடிக்கப்பட்டது. கரண்டு போனால் எல்லாம் போச்சு. டெல்டாவில் கரண்டு எப்போது போகும் என்று யாருக்குத் தெரியும்? மறுபடி முதலிலிருந்து என்பது எங்களுக்கு ஆட்டத்தின் விதியாகவே இருந்தது.

இரண்டு, வேகம். ஜப்பான், அமெரிக்க டிவிகள் நொடிக்கு 60 முறை படம் வரைந்தன, நம் டிவிகள் 50 முறை. நமக்கென்று வந்த பெட்டிகளும் 50தான். ஆட்டமும் பாட்டும் அந்தக் கணக்கை ஒட்டியே ஓடியதால் எங்கள் மரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடினான். சுருதி ஏறக்குறைய அதேதான், தாளம் மட்டும் இறங்கியிருந்தது. கணினியில் அசல் வேகத்தில் முதன்முதலாகக் கேட்டபோது எனக்கு அந்தப் பாட்டு தப்பாகப்பட்டது. அதுதான் சரி என்கிறது தரவு. என் காது ஒத்துக்கொள்ளவில்லை.

3

1990களின் நடுவிலிருந்து இந்தக் கேசட்டுகளைக் கணினியில் படித்துக் கோப்பாக்கும் வேலையை உலகெங்கும் ஆர்வலர்கள் செய்தார்கள். கோப்பின் தலையில் 16 பைட்டில் ஒரு முகவரிச் சீட்டு, எந்த மேப்பர் என்ற எண் அதில் இருக்கும். பிறகு வகைப்படுத்தும் பட்டியல்கள் வந்தன. அவற்றில் பரவலான ஒரு முறையில் சரிபார்க்கப்பட்ட அசலுக்கு ஆச்சரியக்குறி, கெட்ட பிரதிக்கு ஆங்கில 'பி' எழுத்து, கள்ளப் பிரதிக்கு இன்னொரு 'பி'. அதாவது 'பைரேட்'.

பட்டியல் போடுவது அப்பாவித்தனமான வேலை அல்ல என்பதை ஃபூக்கோவைப் படித்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த ஒற்றை எழுத்து ஒருவகையில் குற்றப் பரம்பரைப் பதிவேடு மாதிரி வேலை செய்கிறது. 'முழுத் தொகுப்பு' சேகரிக்கிறவர் முதலில் கழித்துக் கட்டுவது அந்த எழுத்துப் போட்டவற்றைத்தான். எங்கள் பிள்ளைப்பருவம் முழுவதும் அந்த எழுத்துக்குள் இருக்கிறது.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். உத்தமதானபுரத்தில் பிறந்து கும்பகோணம் கல்லூரியில் பாடம் சொன்ன உ.வே.சா. 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். அவர் கையில் இருந்தவற்றில் எது அசல்? திருத்தக்கதேவர் எழுதிய ஏடு உலகத்தில் இல்லை. இருந்தவை யாவும் பிரதியின் பிரதி. பிழையோடு பெயர்த்தவை, செல்லரித்தவை, ஒன்றுக்கொன்று மாறுபட்டவை. அவற்றை ஒப்பிட்டுத்தான் நூல் வந்தது. வேறுபாட்டைக் குப்பை என்று அவர் எறியவில்லை, பாடபேதம் என்று பெயர் வைத்துக் குறித்தார். பெயர்த்தெழுத ஆளில்லாமல் போன ஏடுதான் மறைந்தது. வால்டர் பெஞ்சமின் 1936இல் இயந்திரப் பிரதியால் அசலின் ஒளிவட்டம் மங்குவதைப் பற்றி எழுதினார். ஒளிவட்டத்தையே கண்டிராத ஊரில் பிரதி என்னவாக இருந்தது என்பது நம் தரப்புக் கேள்வி. தில்லியின் கள்ளச் சந்தைகளை வைத்து ரவி சுந்தரம் 2009இல் 'பைரேட் மாடர்னிட்டி' என்ற நூலில் இதை நகரத்துக்காகக் கேட்டார். திருவிழாக் கடை வரிசைக்காகவும் யாராவது கேட்க வேண்டும்.

கள்ளப் பிரதிக்குள் எழுத்தாளன் இல்லை என்பதும் பொய். பட்டியலில் ஒரே ஆட்டம் இருபது தடவை வரும். ஒன்றில் மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்கும், இன்னொன்றில் உயிர் முப்பது இருக்கும். எண்ணிக்கையைக் கூட்டிக் காட்டச் செய்த வியாபாரத் தந்திரம்தான். ஆனால் காசுக்கு மணி பார்த்து ஆடுகிற பையனுக்கு, கடைசிக் கட்டத்தைக் கண்ணால் காண வழி செய்தது அந்தத் தந்திரம். யாரோ ஒரு பெயர் தெரியாத தொழிலாளி நிரலைத் திறந்து ஒரு எண்ணை மாற்றியிருக்கிறார். அதுவும் ஒரு பாடபேதம்.

4

ஃப்ளாஷ் கேசட் என்பது அழித்து எழுதக்கூடிய கேசட். இதையும் திருட்டுக் கருவி என்பார்கள். ஆனால் இந்த யோசனையை முதலில் விற்றது நின்டெண்டோவே. 1986இல் ஜப்பானில் ஃபேமிகாமுக்கு வட்டு இணைப்பு வந்தது. கடையில் வைத்த இயந்திரத்தில் வட்டைச் செருகி 500 யென் கொடுத்தால் பழைய ஆட்டத்தை அழித்துப் புதியதை எழுதித் தருவார்கள். 1997இல் 'நின்டெண்டோ பவர்' என்ற பெயரில் லாசன் கடைகளில் சூப்பர் ஃபேமிகாமுக்கு ஃப்ளாஷ் கேசட்டே கொடுத்தார்கள். எழுதும் உரிமை கம்பெனி கையில் இருந்தால் சேவை, நம் கையில் வந்தால் திருட்டு.

இன்று கிடைப்பதில் மூன்று வகை. முதலாவது, ஒரு ஆட்டத்துக்கான வெற்றுப் பலகை. கணினியோடு தனிக் கருவி வைத்து எழுத வேண்டும், ஒரே மேப்பர்தான். மலிவு, ஆனால் பொறுமை வேண்டும். இரண்டாவது, நினைவு அட்டை செருகுகிற வகை. உக்ரைன்காரர் ஒருவர், கிரிக்ஸ் என்ற பெயரில் அறியப்படுபவர், செய்யும் எவர்டிரைவ் இதில் தெரிந்த பெயர். உள்ளே மாற்றியமைக்கக்கூடிய ஒரு சிப் இருக்கிறது. கோப்பின் தலைச்சீட்டைப் படித்து, தேவையான மேப்பராகத் தன்னை மாற்றிக்கொள்ளும். விலை நமக்கு அதிகம். மூன்றாவது, அதைப் பார்த்துச் செய்த மலிவுப் போலிகள்.

நான் மூன்றாவதை வாங்கினேன். போலியின் பக்கம் நின்று வாதிடுகிறவன் போலியைத்தானே வாங்க வேண்டும்? அண்ணன் வீட்டுக்குக் கொண்டுபோய் அவரிடம் மிச்சமிருந்த ஒரே பெட்டியில் செருகினேன். ஆயிரக்கணக்கான பெயர்கள் ஓடின. அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டார்: "எல்லாம் இருக்கு, நம்ம கேசட்டு இதுல இல்லியே?"

இல்லைதான். நான் போட்டிருந்தது சுத்திகரிக்கப்பட்ட தொகுப்பு. முப்பது உயிர் இல்லை, மூன்றாம் கட்டத் தொடக்கம் இல்லை. பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் பெட்டியிலிருந்து சூட்டு வாடை வந்தது, படம் போயிற்று. நாகப்பட்டினத்தில் ரேடியோ ரிப்பேர் செய்கிறவர் திறந்து பார்த்துச் சொன்னார்: "கேசட்டு கரண்டு ரொம்ப இழுத்திருக்கு. ரெகுலேட்டர் செத்து, ஒம்போது வோல்ட்டும் நேரா சிப்புக்குப் போயிருக்கு." சேறும் உப்பும் தின்னாத பெட்டியை நான் ஒரு மாலையில் கொன்றேன். "மெஷின்தானே தம்பி, போனாப் போவுது" என்றார் அண்ணன். அவர் அப்படிச் சொன்னது எனக்கு இன்னும் பாரமாக இருக்கிறது.

ஆக, கேசட் தேர்வு செய்கிறவர்களுக்கு என் நஷ்டத்திலிருந்து சில குறிப்புகள்.

நம் ஊர்ப் பெட்டிகளுக்கு 60 கால் கேசட். அமெரிக்க வகை 72 கால், அது வேறு. முதலில் எண்ணிப் பாருங்கள். பழைய கருவி 5 வோல்ட்டில் பேசுகிறது, இன்றைய நினைவுச் சிப்புகள் 3.3 வோல்ட்டில். இடையில் மொழிபெயர்க்கும் சிப் இருக்க வேண்டும். மலிவுப் பலகைகளில் அதை விட்டுவிடுவார்கள். அப்போதும் ஆட்டம் ஓடும். ஆனால் இரண்டு பக்கமும் சூடேறி மெல்லச் சாகும். விற்பவர் பலகையின் படத்தைக் காட்ட மறுத்தால் வாங்காதீர்கள். நினைவு அட்டை வகைகள் பழைய கேசட்டைவிட அதிக மின்சாரம் கேட்கும். எனவே பெட்டியைத் திறந்து ரெகுலேட்டரைப் பாருங்கள். அதன் முதுகில் வெப்பம் கடத்தும் தகடு இல்லையென்றால் ஒன்று வைத்த பிறகு செருகுங்கள். கண்ட அடாப்டரை மாட்டாதீர்கள். எல்லாச் சிப்பும் ஒன்றே ஆகிவிட்ட பிற்காலப் போலிப் பெட்டிகளில் நல்ல ஃப்ளாஷ் கேசட்டும் ஓடாமல் போகலாம். செய்பவர்களே போலிப் பெட்டிக்கு உத்தரவாதம் தருவதில்லை. கரண்டு இருக்கும்போது கேசட்டை உருவக் கூடாது. சில வகைகளில் ரீசெட் பொத்தானை அழுத்திய பிறகே சேமிப்பு அட்டையில் ஏறும். நேராக அணைத்தால் போச்சு.

கடைசியாக, மேப்பர் பட்டியல். அதிகாரபூர்வ ஆட்டங்களின் மேப்பர்களை எல்லோரும் ஆதரிப்பார்கள். 'ஒன்றில் பல' கேசட்டுகளின் விநோத மேப்பர்களை எத்தனை ஆதரிக்கிறது என்று கேளுங்கள். நமக்கு வேண்டிய கேள்வி அது. ஆயிரம் ஆட்டம் ஓடுமா என்பதல்ல, நம் கேசட் ஓடுமா என்பது.

5

பெட்டி செத்த பிறகு நான் வேலையைத் தலைகீழாகச் செய்தேன். கோப்புகளை எங்கிருந்தோ இறக்குவதற்குப் பதில், பரணில் கிடந்த பதினோரு கேசட்டையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்து, படிக்கும் கருவி ஒன்றில் ஒவ்வொன்றாகச் செருகினேன். நான்கு முழுசாகப் படிந்தன. ஒன்று பாதி. மற்றவை பேசவில்லை. மூன்று தடவை படித்து மூன்றும் ஒத்துப்போனால்தான் நம்பினேன். படிந்தவற்றில் ஒன்றின் மேப்பருக்கு எண் கண்டுபிடிக்கவே ஒரு மாசம் ஆயிற்று.

சட்டம் என்ன சொல்கிறது என்று தோழர்கள் கேட்பார்கள். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ஏஏ) பிரிவு, நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் இழப்பிலிருந்து காத்துக்கொள்ளப் பிரதி எடுக்கலாம் என்கிறது. 'சட்டப்படி வைத்திருப்பவர்' என்பதில்தான் நாம் வெளியே நிற்கிறோம். திருவிழாக் கடையில் காசு கொடுத்து வாங்கியவர் அந்தச் சொல்லுக்குள் வரமாட்டார். தெரிந்தே மீறல் பிரதியைக் கணினியில் பயன்படுத்துவோருக்கு 63பி பிரிவு குறைந்தது 7 நாள் சிறை என்கிறது. ஆதாயத்துக்காக இல்லையென்றால் அபராதத்தோடு விடவும் நீதிமன்றத்துக்கு இடம் உண்டு. இலக்கியப் படைப்புக்கு ஆசிரியர் காலத்துக்குப் பின் 60 ஆண்டு. நிரலும் சட்டத்தின் கண்ணில் இலக்கியம். அதாவது எங்கள் தலைமுறை போய்ச் சேர்ந்த பிறகுதான் கதவு திறக்கும். காசு கொடுத்து முறையாக வாங்கலாமே என்றால், 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு வாங்கக் கிடைக்கவில்லை என்று வீடியோ கேம் வரலாற்று அறக்கட்டளை 2023இல் கணக்கிட்டது. அசலின் கதியே அது.

பாதுகாப்பது என்பது கொண்டாடுவது அல்ல. படிந்த நான்கில் ஒன்றில் கோன்ட்ரா இருக்கிறது. கொனாமி 1987இல் வெளியிட்டது. பெயர் நிகரகுவாவின் கூலிப்படையை நினைவூட்டுவது. ஆர்கேட் வடிவத்தின் முடிவுப் பாட்டுக்கு 'சாண்டினிஸ்டா' என்றே தலைப்பு. ரேகனின் போர் எங்கள் பாயில் விளையாட்டாக வந்து உட்கார்ந்தது. இந்தப் பக்கம் நாங்கள் ஒரு ரூமில் உட்கார்ந்து காட்டுக்குள் ஓடுகிறவர்களைச் சுட்டுக்கொண்டிருந்தோம். அதே கடலில், எங்களோடு ஆடிய பையனின் அப்பா துப்பாக்கிக்குப் பயந்து விளக்கை அணைத்து வலை இழுத்துக்கொண்டிருந்தார். இந்த இரண்டையும் ஒருசேரச் சொல்ல அந்தக் கேசட் வேண்டும். ஆவணத்தை அழித்துவிட்டு விமர்சனம் செய்ய முடியாது.

இரண்டாவது பெட்டி ஒன்றைத் திருவாரூரில் பழைய சாமான் கடையில் பிடித்தேன். ரெகுலேட்டர் மாற்றி, தகடு வைத்து, இம்முறை கடன் வாங்கி நல்ல ஃப்ளாஷ் கேசட்டாக வாங்கினேன். டிவி அண்ணனிடம் இருந்தது. 2006 தேர்தலுக்குப் பிறகு அரசு கொடுத்த 14 அங்குல இலவச டிவி. அந்தத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேல் வீடுகளுக்குப் போன பெட்டிகளில் பெரும்பாலானவை இன்று எடைக்குப் போய்விட்டன. விளையாட்டுத் துப்பாக்கி அந்தக் குழாய் டிவியில்தான் வேலை செய்யும். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, இலக்கு மட்டும் வெள்ளையாகத் தெரியும். அந்த ஒளியைத் துப்பாக்கி பார்க்கும். தட்டை டிவி தாமதமாக வரைவதால் துப்பாக்கி குருடாகிவிடும். ஆக, கேசட்டை மட்டும் காத்தால் போதாது, பெட்டியும் டிவியும் பழுது பார்க்கிற ஆளும் சேர்ந்தால்தான் அது ஆவணம். ஃப்ளாஷும் சாசுவதம் இல்லை. அதில் எழுத்து என்பது சிறைப்பட்ட மின்னூட்டம், வருஷங்களில் கசியும். ஏடு மாதிரியே அவ்வப்போது பெயர்த்தெழுத வேண்டும். நான்கு கோப்புகளையும் மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன். பெயரில் 'பி' எழுத்துப் போடவில்லை. 'வேளாங்கண்ணி, பின்சந்து' என்று ஊர்ப் பெயரும், மேலட்டையில் அண்ணன் பேனாவால் எழுதியிருந்தவையும்: டேங்க், சர்க்கஸ், வாத்து சுடுறது.

அண்ணனுக்கு இப்போது கண் கொஞ்சம் மங்கல். டேங்க் போடச் சொன்னார். மெதுவான அந்தத் தொடக்கப் பாட்டு வந்ததும், "ஆங், இதான்" என்றார். இரண்டாம் கட்டத்தில் கரண்டு போயிற்று. புதுக் கேசட்டில் சேமிக்கலாம் என்று அவரிடம் சொன்னேன். "வேணாம், மொதல்லேருந்து போடு" என்றார்.